சர்வதேச வணிக முதுநிலைப் பட்டம்: பிரிட்டனில் படிக்கச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனில் ஓராண்டு எம்.எஸ்சி. இன்டர்நேஷனல் பிசினஸ் படிக்க விரும்பும் நம் மாணவர்களில் பலர் பட்டத்தின் பெயரையும் பல்கலைக்கழகத்தின் தரவரிசையையும் பார்த்து விண்ணப்பிக்கிறார்களே தவிர, பாடங்களின் பட்டியலைப் படிப்பதில்லை. பிறகு நேரும் ஏமாற்றங்களில் பெரும்பகுதி அங்கேதான் தொடங்குகிறது. எல்.சி. (வங்கி தரும் பணஉறுதிக் கடிதம்) திறப்பது, சுங்க ஆவணங்கள் தயாரிப்பது, சரக்குக் கட்டணம் பேசுவது ஆகியவற்றை இந்தப் படிப்பு கற்றுத்தரும் என்று எதிர்பார்ப்பது முதல் தவறு. சரக்குச் செலவு யார் பொறுப்பு என்பதைக் குறிக்கும் எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப். போன்ற சொற்கள் ஓரிரு வகுப்புகளில் வந்துபோகலாம். ஆனால் ஒரு நிறுவனம் ஏன் தன் நாட்டு எல்லையைத் தாண்டுகிறது, எந்த நாட்டைத் தேர்ந்தெடுக்கிறது, அங்கே பொருளை மட்டும் அனுப்புகிறதா, உரிமம் கொடுக்கிறதா, சொந்த ஆலை கட்டுகிறதா என்பவையே படிப்பின் மையக் கேள்விகள். ஏற்றுமதி நடைமுறைதான் தேவை என்றால் ஊரிலேயே கிடைக்கும் குறுகிய காலப் பயிற்சிகள் போதும். அதற்காக இலட்சக்கணக்கில் கடன் வாங்க வேண்டியதில்லை. இதை எம்.பி.ஏ.வுக்கு இணையாகக் கருதுவதும் சரியன்று. அங்கே எம்.பி.ஏ. பெரும்பாலும் சில ஆண்டு பணி அனுபவம் உள்ளவர்களுக்கானது; எம்.எஸ்சி. வகுப்பில் இருப்பவர்களோ பெரும்பாலும் இளநிலைப் பட்டம் முடித்த கையோடு வந்தவர்கள்.

எல்லாவற்றையும்விட அதிகம் மதிப்பெண் இழக்கச் செய்வது, கட்டுரையில் நிறுவனத்தின் வரலாற்றை எழுதிவிட்டுப் பகுப்பாய்வு எழுதியதாக நினைத்துக்கொள்வது. ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். ஓசூரில் ஆலை கொண்ட டி.வி.எஸ். மோட்டார், திவால் நிர்வாகத்தில் இருந்த நார்ட்டன் என்னும் பழம்பெரும் பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் நிறுவனத்தை 2020 ஏப்ரலில் 1.6 கோடி பவுண்டுக்கு வாங்கியது. யார், எப்போது, எவ்வளவுக்கு வாங்கினார்கள் என்று நான்கு பக்கம் எழுதினால் தேர்ச்சி பெறுவதே கடினம். ரெடிங் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த ஜான் டன்னிங் 1970களில் முன்வைத்த கோட்பாட்டின்படி, ஏற்கெனவே தனக்கென ஒரு வலிமை உள்ள நிறுவனமே வெளிநாட்டில் முதலீடு செய்கிறது. செல்லும் இடத்தின் அனுகூலமும், பிறரிடம் ஒப்படைக்காமல் தானே நடத்துவதில் உள்ள நன்மையும் அதனுடன் சேர வேண்டும். டி.வி.எஸ். இங்கே தன்னிடம் இருந்த வலிமையைக் கொண்டுபோனதா, தன்னிடம் இல்லாத உயர்விலைப் பிராண்டைப் பெறப் போனதா? பின்னதுதான் என்று நீங்கள் வாதிட்டால், மேற்கத்திய நிறுவனங்களைப் பார்த்து உருவான கோட்பாடு வளரும் நாட்டு நிறுவனங்களுக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்ற கேள்வி எழுகிறது. ஜான் மேத்யூஸ் என்னும் ஆய்வாளர் 2006இல் எழுப்பிய விவாதமும் ஏறக்குறைய இதுவே. பேராசிரியர் உங்களிடம் எதிர்பார்ப்பது இந்த வாதத்தைத்தான். இப்படிச் சிந்திக்கப் பழகியவர்களுக்கு இந்தப் படிப்பு உண்மையிலேயே சுவையானது. ஊரில் நாம் அன்றாடம் பார்க்கும் ஆலைகளே புதிதாகத் தெரியத் தொடங்கும்.

மதிப்பெண் முறையைத் தவறாகப் புரிந்துகொண்டு மனம் தளர்பவர்களும் உண்டு. அங்கே முதுநிலையில் பொதுவாக 50 தேர்ச்சி, 60 மெரிட், 70 டிஸ்டிங்ஷன். எண்பதும் தொண்ணூறும் வாங்கிப் பழகியவருக்கு 64 தோல்வி போலத் தோன்றலாம். உண்மையில் அது நல்ல மதிப்பெண்.

மொத்தம் 180 கிரெடிட்டுகளில் பெரும்பாலும் 60 ஆய்வேட்டுக்கு உரியவை. அதைக் கோடையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுபவர்கள், கடைசியில் ‘உலகமயமாதலும் இந்தியப் பொருளாதாரமும்’ போன்ற எல்லையற்ற தலைப்பில் சிக்கிக்கொள்கிறார்கள். தரவு எங்கே கிடைக்கும் என்பதிலிருந்து தலைப்பைத் தேடுவது நல்லது. திருப்பூரில் ஐந்தாறு பின்னலாடை ஏற்றுமதியாளர்களிடம் பேச முடிந்த மாணவர், அவர்கள் பிரிட்டிஷ் வாங்குநர்களை எவ்வாறு பெற்றார்கள், எவ்வாறு இழந்தார்கள் என்று ஆராயலாம். அந்தத் தொடர்பு வகுப்பில் வேறு எவருக்கும் இருக்காது. ஆனால் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறை அனுமதி கிடைக்கும் முன் எவரையும் நேர்காணல் செய்யக் கூடாது.

கோடை பற்றி இன்னொரு தவறு விசாவையே பாதிக்கும். மாணவர் விசாவில் கல்விப் பருவத்தில் வாரம் 20 மணி நேரம் மட்டுமே வேலை செய்யலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். முதுநிலை மாணவருக்கு ஆய்வேடு எழுதும் கோடையும் கல்விப் பருவமே என்பது பலருக்குத் தெரிவதில்லை. இளநிலை மாணவரான அறைத் தோழர் கோடையில் முழுநேரம் வேலை செய்கிறார் என்பதற்காக நீங்களும் செய்தால் விதிமீறலாகும். சுயதொழிலுக்கும் அனுமதி இல்லை. உணவு விநியோகச் செயலிகளில் பகுதிநேரமாக ஓட்டுவது பெரும்பாலும் அந்த வகையில்தான் அடங்கும்.

வேலை தேடுவதைப் படிப்பு முடிந்த பிறகு தொடங்குவது கடைசியாகச் சொல்ல வேண்டிய தவறு. பெரிய நிறுவனங்கள் புதிய பட்டதாரிகளுக்கான விண்ணப்பங்களைப் பெரும்பாலும் இலையுதிர் காலத்திலேயே திறக்கின்றன; அதாவது நீங்கள் போய் இறங்கி, அறை தேடி, குளிருக்குப் பழகிக்கொண்டிருக்கும் அதே வாரங்களில். ஆகவே சுயவிவரத்தை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே தயாராக வைத்திருக்க வேண்டும். படிப்புக்குப் பின் தங்கி வேலை தேட உதவும் கிராஜுவேட் ரூட் என்னும் விசா இரண்டாண்டு காலத்துக்கு வழங்கப்பட்டது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் முதுநிலைப் பட்டதாரிகளுக்கு அது 18 மாதங்களாகக் குறைகிறது. அதற்கு மேலும் தங்க வேண்டுமானால், வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க அரசின் உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்று உங்களை ஸ்பான்சர் செய்ய வேண்டும். 2025 ஜூலையில் உயர்த்தப்பட்ட விதிப்படி அத்தகைய வேலைக்கான பொதுவான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 41,700 பவுண்டு. பணிக்குப் புதியவர்களுக்கு 33,400 பவுண்டு. உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலைப் பிரிட்டிஷ் அரசு தன் இணையதளத்தில் வெளியிட்டு வருகிறது. ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பம் எழுதும் முன் அதன் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கச் சில நிமிடங்களே ஆகும்.