ரிவால்வர் பழகுவோருக்கு: முதலில் டபுள் ஆக்‌ஷன், பிறகு சிங்கிள் ஆக்‌ஷன்

டெல்லியில் மயூர் விஹார், ஆர்.கே.புரம் பக்கமிருந்து துக்ளகாபாத் கர்ணி சிங் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போகத் தொடங்கும் நம்மவர்கள் அடிக்கடி கேட்பது: ஹாமரை (தோட்டாவை வெடிக்க வைக்கும் பின்பக்கச் சுத்தியலை) இழுத்து வைத்துச் சுடுவதா, அப்படியே ட்ரிகரை இழுப்பதா?

ஹாமரைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டுச் சுடுவது சிங்கிள் ஆக்‌ஷன். ட்ரிகருக்கு மிச்சமிருப்பது ஹாமரை விடுவிக்கும் வேலை மட்டும். ஒன்றரை, இரண்டு கிலோ அழுத்தம் போதும். டபுள் ஆக்‌ஷனில் ட்ரிகரே சிலிண்டரை (தோட்டாக்கள் இருக்கும் உருளையை) சுற்றி, ஹாமரைத் தூக்கி, விடவும் வேண்டும். நாலைந்து கிலோ, நீளமான இழுப்பு. அதனால்தான் சிங்கிளில் குறி எளிதாக விழுகிறது. ஆனாலும் டபுளில் தொடங்குங்கள் என்பேன். அதில் விரல் பண்பட்டுவிட்டால் சிங்கிள் தானாக வரும்; சிங்கிளிலேயே பழகியவருக்கு டபுள் பெரும்பாடு.

முதலில் பிடி. கைப்பிடியின் பின்பக்கம் எவ்வளவு மேலே முடியுமோ அவ்வளவு மேலே பிடியுங்கள், ஹாமரின் வழியில் கை வராமல். இரண்டாவது கையின் விரல் எதுவும் சிலிண்டருக்கு முன்னால் போகக் கூடாது. சிலிண்டருக்கும் பேரலுக்கும் (குழலுக்கும்) நடுவே உள்ள இடைவெளியில் சூடான வாயு பீறிடும், விரலைக் கிழித்துவிடும்.

அடுத்து ட்ரிகர், எல்லாம் இங்கேதான். சிங்கிளில் விரல் நுனிச் சதை போதும். டபுளில் முதல் மூட்டு மடிப்பு வரை உள்ளே வையுங்கள். பாதியில் நிறுத்தி, குறியைச் சரிபார்த்து, மறுபடி இழுக்காதீர்கள். தொடங்கினால் ஒரே சீராக முடிவு வரை. பார்வை முன் சைட்டில் (பேரல் நுனியில் இருக்கும் குறிமுள்ளில்) இருக்கட்டும். இலக்கு மங்கலாகத் தெரிந்தால் சரிதான். முன் சைட் லேசாக ஆடும், ஆடட்டும். அது நடுவில் நிற்கும் கணத்தைப் பிடிக்க வெடுக்கென்று இழுத்தால்தான் குண்டு கீழே போகும். சுட்ட பிறகு ட்ரிகரை முழுதும் முன்னுக்கு விட்டுவிட்டு அடுத்த இழுப்பு.

இதைப் பழக டிரை ஃபயர்தான் (உண்மைத் தோட்டா இல்லாமல் ட்ரிகரை இழுத்துப் பழகுவதுதான்) வழி. தோட்டா எல்லாம் வேறு அறையில். சிலிண்டரைத் திறந்து கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவுங்கள். பிறகு வெடிக்காத டம்மி தோட்டா போட்டு, பாதுகாப்பான சுவரை நோக்கி இழுங்கள். பேரல் மேல் ஒரு ரூபாய் நாணயம் விழாமல் நின்றால் இழுப்பு சீர். ரேஞ்சில், நண்பரை விட்டு டம்மியும் உண்மைத் தோட்டாவும் கலந்து போடச் சொல்லுங்கள். டம்மி வரும்போது முனை சரிந்தால், வெடிக்கும் முன்பே கை பயந்து அழுத்துகிறது என்று அர்த்தம். ஆனால் டம்மி என்று தெரியாதவரை, 'கிளிக்' என்றதும் திறக்காதீர்கள். முப்பது விநாடி இலக்கை நோக்கியே பிடித்திருங்கள்.

சிங்கிள் ஆக்‌ஷன் வீண் என்று சொல்லவில்லை. 25 மீட்டர் சென்டர் ஃபயர் போட்டியில் துல்லியச் சுற்றில் ஒவ்வொரு தொடருக்கும் 5 தோட்டா, 5 நிமிடம். அதுவும் ஒற்றைக் கையில். அங்கே சிங்கிள்தான் தோது.

இழுத்த ஹாமரைச் சுடாமல் இறக்க வேண்டுமா? முனை இலக்குப் பக்கம். கட்டைவிரலால் ஹாமரை அழுத்திப் பிடித்து, ட்ரிகரைத் தொட்டு விடுவியுங்கள். ஹாமர் நகர்ந்ததும் ட்ரிகரிலிருந்து விரலை எடுத்துவிட்டு, மெல்ல இறக்குங்கள். காலி ரிவால்வரில், கோச் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் இதைப் பழகுங்கள்.