ரோமா பிள்ளைகள் மட்டுமே படிக்கும் பள்ளியை மூடுவது எப்படி?

ரோமா என்போர் ஐரோப்பாவில் நெடுங்காலமாக ஒதுக்கப்பட்டுவரும் சிறுபான்மை இனத்தவர். மத்திய, கிழக்கு ஐரோப்பாவில் ரோமா குடியிருப்பை ஒட்டிய பள்ளியில் ரோமா பிள்ளைகள் மட்டுமே படிப்பது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. பெரும்பான்மை இனத்தைச் சேர்ந்த பெற்றோர் தங்கள் பிள்ளைகளை எப்போதோ வேறு பள்ளிக்கு மாற்றியிருப்பார்கள். இப்படிப்பட்ட பள்ளிகளில் படிக்கும் ரோமா பிள்ளைகள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது, 2020 அக்டோபரில் ஐரோப்பிய ஆணையம் வைத்த 2030-க்கான இலக்குகளில் ஒன்று. கட்டடத்தைப் பூட்டுவது ஒரு நாள் வேலை. பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளப்போகும் பள்ளிகளைத் தயார் செய்வதுதான் பெரிய வேலை; அதற்கு ஒரு முழுக் கல்வியாண்டாவது ஒதுக்குங்கள்.

கணக்கெடுப்பு. இனம் பற்றிய விவரத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம் தனிப் பாதுகாப்பு தருகிறது. அதனால் பெயருக்கு எதிரே 'ரோமா' என்று எழுதிய பட்டியல் தயாரிக்காதீர்கள். குடியிருக்கும் தெரு, பெற்றோரின் படிப்பு, இலவச மதிய உணவு பெறுவோர் எண்ணிக்கை ஆகியவற்றை வைத்துப் பெயரில்லாத தொகுப்பாகக் கணக்கிடலாம். பள்ளி வாரியாக மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவீர்கள். ஹங்கேரியின் ஜியோங்யோஷ்பத்தாவில் ஒரே கட்டடத்துக்குள்ளேயே ரோமா பிள்ளைகளின் வகுப்புகளைத் தனித் தளத்தில் வைத்திருந்தார்கள். 2020-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்தப் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 10 கோடி ஃபோரின்ட் (ஹங்கேரி நாணயம்) இழப்பீட்டை உறுதிசெய்தது. ஆகவே பிரிவு, தளம், சாப்பாட்டு நேரம், நீச்சல் வகுப்பு வரை தனித்தனியாகப் பாருங்கள்.

சட்டத்தில் வழுக்கும் இடங்கள். 'பெற்றோர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்கள்' என்பது அதிகாரிகள் வழக்கமாகச் சொல்லும் பதில். அது செல்லாது. செக் குடியரசின் ஒஸ்த்ராவாவில் மனவளர்ச்சி குன்றியோருக்கான சிறப்புப் பள்ளிகளில் சேர்க்கப்பட்ட 18 ரோமா பிள்ளைகளின் வழக்கில், 2007 நவம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: பாகுபாட்டுக்கு உள்ளாகாத உரிமையைப் பெற்றோரின் கையெழுத்தால் விட்டுக்கொடுக்க முடியாது. உங்கள் ஊரிலும் இப்படிச் சிறப்புப் பள்ளிக்குப் போன பிள்ளைகள் இருந்தால், வீட்டுமொழி தெரிந்தவர் உடனிருக்க மறுமதிப்பீடு செய்யுங்கள். அந்தச் சிறப்புப் பள்ளியின் ஊழியர் மதிப்பீட்டுக் குழுவில் இருக்கக் கூடாது. பிள்ளைகள் குறைந்தால் அவருடைய வேலை குறையும்.

மொழி தெரியாது என்று சொல்லித் தனி வகுப்பு வைப்பது அடுத்த வழுக்கல். குரோஷிய வழக்கு ஒன்றில் 2010-இல் இதே நீதிமன்றம் அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மொழிக்கென்றே தேர்வு, மொழி கற்பிக்கும் தனிப் பாடத்திட்டம், பொது வகுப்புக்கு மாறும் தேதி மூன்றும் எழுத்தில் இல்லாமல் தனி வகுப்பைத் தொடங்காதீர்கள்.

பகிர்ந்து சேர்ப்பது. மூடும் பள்ளியில் எட்டு வகுப்புகளில் 96 பேர் என்றால் வகுப்புக்கு 12 பேர். பிரிவுக்கு மூவர் வீதம் நான்கு பிரிவுகள் தேவை. இரண்டு பள்ளிகளில் இரண்டிரண்டு பிரிவுகள் இருந்தால் கணக்கு சரியாகிவிடும். ஒரு பிரிவில் ஒரே ஒரு பிள்ளையை விடாதீர்கள், தனித்துப்போய் பள்ளியையே விட்டுவிடும். எல்லோரையும் அருகிலுள்ள ஒரே பள்ளிக்கு அனுப்புவது அதைவிட மோசம். மற்ற பெற்றோர் ஓரிரு ஆண்டுகளில் வெளியேறிவிடுவார்கள். பழைய பள்ளியே புது முகவரியில் வந்து நிற்கும். எனவே ஊரின் 'நல்ல' பள்ளிகளையும் கட்டாயம் பட்டியலில் சேருங்கள். எதிர்ப்பு அங்கிருந்துதான் வரும், அதற்காக விட்டுக்கொடுத்தால் திட்டம் அங்கேயே முடிந்தது.

பேருந்து. பல்கேரியாவின் விதின் நகரில், ரோமா பிள்ளைகளைப் பேருந்தில் நகரப் பள்ளிகளுக்கு அழைத்துச்செல்ல 2000-இல் தொடங்கிய திட்டம் நிலைத்ததற்கு, பேருந்தில் பிள்ளைகளோடு போய்வந்த ரோமா கண்காணிப்பாளர்கள் ஒரு முக்கியக் காரணம். யார் வரவில்லை என்பது அவர்களுக்குக் காலையிலேயே தெரியும். மாலைக்குள் வீட்டுக்குப் போய் விசாரிக்க முடியும். ஒரு வண்டிக்கு ஒருவர், மாதச் சம்பளத்தில், குடியிருப்பைச் சேர்ந்தவராகவே இருக்கட்டும். மாலையில் இரண்டு நடைகள் வேண்டும். பள்ளி விட்டதும் ஒரே நடையில் எல்லோரையும் ஏற்றிவிட்டால் விளையாட்டு, இசை, தனிப் பயிற்சி எதிலும் ரோமா பிள்ளைகள் இருக்கமாட்டார்கள். நட்பு உண்டாவது அங்கேதான்.

ஆசிரியர்கள், மதிப்பெண்கள். மூடும் பள்ளியின் ஆசிரியர்களுக்கு வேறு பள்ளியில் வேலை உறுதி என்பதை முதல் மாதமே எழுத்தில் கொடுங்கள். இல்லாவிட்டால் 'அங்கே உங்கள் பிள்ளையை அடிப்பார்கள்' என்ற பேச்சு பெற்றோரிடம் பரவும், திருத்த நேரமிருக்காது. பழைய பள்ளியில் தாராளமாகப் போட்ட மதிப்பெண் புதிய இடத்தில் முதல் அரையாண்டில் சரியும். இதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வாரத்தில் சில மணி நேரம் பாடத் துணைக்கு ஆள் வையுங்கள். ஹங்கேரியின் செகெத் நகரில் பல்கலைக்கழக மாணவர்கள் இந்த வேலையைச் செய்தார்கள்.

காலியான கட்டடம். பலரும் மறப்பது இதைத்தான். ஹங்கேரியின் நியிரெட்ஹாசாவில் ரோமா குடியிருப்புப் பள்ளியை 2007-இல் மூடி, பிள்ளைகளை நகரப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். 2011-இல் ஒரு திருச்சபையின் கையில் அதே பள்ளி மீண்டும் திறந்தது. வழக்குப் போட்டும் 2015-இல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு திருச்சபைக்கே சாதகமாக வந்தது. எனவே கட்டடம் இனி எதற்கு என்பதை மூடும் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். மருத்துவ நிலையமாகலாம், பெரியவர்களுக்கான தொழிற்பயிற்சிக் கூடமாகலாம். பாலர் பள்ளியாக மட்டும் மாற்ற வேண்டாம். அங்கேயும் அதே தெருப் பிள்ளைகள் மட்டும்தான் சேர்வார்கள்.