ஸ்போர்ட்ஸ் காருக்கு எக்ஸாஸ்ட் மாற்றும்போது காசைக் கரைக்கும் தவறுகள்

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ சனிக்கிழமை காலையில் ஒரு எக்ஸாஸ்ட் (புகைக்குழாய்) கடை வாசலில் நின்று பாருங்கள். புதுக் குழாயோடு வந்து, அது பொருந்தாமல் லிஃப்டில் தொங்கும் கார் ஒன்றாவது இருக்கும். போலிப் பொருளை வாங்காதே, விலை விசாரி என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தவர்களும் மாட்டிக்கொள்ளும் இடங்களை மட்டும் இங்கே சொல்கிறோம்.

மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்குவது

இந்தப் பழக்கம் ஃபோக்ஸ்வாகனின் சிட்டி கோல்ஃப் காலத்தில் ஒட்டிக்கொண்டது. 1984 முதல் 2009 வரை அந்தக் கார் ஏறக்குறைய ஒரே உடலோடு இங்கே தென்னாப்பிரிக்காவிலேயே தயாரானது. "சிட்டி கோல்ஃபுக்கு ஒரு டெயில் பாக்ஸ் குடுங்கண்ணா" என்றால் கடைக்காரர் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுப்பார். பெரும்பாலும் பொருந்தும், பொருந்தாவிட்டால் அரைமணி நேர வெல்டிங் போதும். இன்று அதே நம்பிக்கையோடு "கோல்ஃப் 7.5 ஜிடிஐ" என்று தேடி, ஐரோப்பாவிலிருந்து விலையுயர்ந்த ஸ்டெயின்லெஸ் செட் ஒன்றைத் தருவிக்கிறார்கள். வயிறெரிவது இதைப் பார்த்துத்தான். பத்து நிமிடம் விசாரித்திருந்தால் மொத்தச் செலவும் மிஞ்சியிருக்கும்.

ஐரோப்பாவில் 2018 வாக்கில் மாசு விதிகள் இறுகியபோது, நேரடி ஊசி பெட்ரோல் எஞ்சின்களுக்குத் துகள் ஃபில்டர் வந்தது. விற்பவர்கள் அதை ஓபிஎஃப் என்றோ ஜிபிஎஃப் என்றோ குறிப்பிடுவார்கள். தென்னாப்பிரிக்கச் சட்டம் அந்த அளவுக்குக் கேட்பதில்லை என்பதால், அதே பெயருள்ள கார் இங்கே ஃபில்டர் இல்லாமலும் வந்திருக்கிறது. வெளியே நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கீழே படுத்துப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். ஓபிஎஃப் காருக்கான செட், ஃபில்டரின் வாயிலிருந்து தொடங்கும். ஃபில்டரே இல்லாத காரில் இணைப்பு இருக்கும் இடமும் வேறு, குழாயின் நீளமும் வேறு.

பெட்டியைப் பிரித்த பிறகு நடப்பதும் ஒரே மாதிரிதான். முன்குழாய் எட்டாது. திருப்பி அனுப்பலாம் என்று பார்த்தால், கூரியர் எடையைப் பார்ப்பதில்லை, பெட்டியின் கன அளவைப் பார்க்கிறது. 150 செ.மீ. நீளம், 50 அகலம், 30 உயரம் உள்ள பெட்டியின் மூன்று அளவுகளையும் பெருக்கி, கூரியர் கணக்குப்படி 5000-ஆல் வகுத்தால் 45 கிலோ. உள்ளே இருப்பது 18 கிலோதான் என்றாலும் கட்டணம் 45 கிலோவுக்கு. வரும்போது கட்டிய 15 சதவீத மதிப்புக்கூட்டு வரியையும் சுங்கத்தையும் திரும்பப் பெறுவது தனி அலைச்சல். அதனால் "வெட்டி ஒட்டிடலாம்" என்று முடிவாகிறது. வெட்டிய கணமே உத்தரவாதம் போய்விடும். குழாய்க்குள் ஆர்கான் வாயுவை நிரப்பாமல் வெல்ட் செய்தால், தையலின் உள்பக்கம் கருகிச் சர்க்கரைக் கட்டிபோல் சொரசொரக்கும். வெல்டர்கள் இதை சுகரிங் என்பார்கள். விரிசலும் துருவும் பின்னர் அந்த இடத்திலிருந்துதான் தொடங்கும்.

ஆகவே பணம் கட்டும் முன் காரின் அடையாள எண்ணான 17 எழுத்து விஐஎன்னை விற்பவருக்கு அனுப்பி, ஓபிஎஃப் உள்ள காருக்கா, இல்லாத காருக்கா என்ற பதிலை எழுத்தில் வாங்குங்கள். காரை லிஃப்டில் ஏற்றி நான்கு அளவு எடுங்கள்: இணைப்பு இடத்தில் குழாயின் வெளிவிட்டம், ஃபிளாஞ்ச் (போல்ட் போடும் தட்டு) இருந்தால் போல்ட் துளைகளின் மையத்துக்கு மையம், இணைப்பிலிருந்து முதல் ஹேங்கர் (குழாயைத் தாங்கும் கம்பி) வரை, கடைசி ஹேங்கரிலிருந்து பம்பர் விளிம்பு வரை. வெளிவிட்டத்தை வெர்னியரால் எடுங்கள். இரண்டரை அங்குலக் குழாய் 63.5 மி.மீ.; பல ஐரோப்பியக் குழாய்கள் 65. அந்த ஒன்றரை மில்லிமீட்டர் போதும், ஒன்று உள்ளே நுழையாது, இல்லையென்றால் கசியும்.

எஞ்சினை ஒட்டிய பிராஞ்ச் அல்லது டர்போவிலிருந்து இறங்கும் டவுன்பைப் மாற்றுவதாக இருந்தால் இன்னொரு கேள்வியும் உண்டு: வலப்பக்க ஸ்டீயரிங் காருக்கு அது பொருந்துமா? அமெரிக்க, ஜெர்மன் பாகங்கள் பல இடப்பக்க ஸ்டீயரிங்கை வைத்தே வளைக்கப்பட்டவை. நம் காரில் ஸ்டீயரிங் தண்டு இறங்கும் இடத்துக்கே அவை வந்து நிற்கலாம். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் மட்டும் மாற்றுவோருக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

குழாய் பெருத்தால் பவர் பெருகும் என்ற கணக்கு

63.5 மி.மீ. குழாயிலிருந்து 76-க்குப் போனால் குறுக்குப் பரப்பு நாற்பது சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. டர்போ எஞ்சினுக்கு, அதிலும் டர்போவை ஒட்டிய முதல் பகுதியில், அது பயன்படும். எம்எக்ஸ்-5, டொயோட்டா 86 போன்ற டர்போ இல்லாத 2 லிட்டர் எஞ்சின்களுக்கு 57 முதல் 63 வரை போதும். அதற்கு மேல் போனால் வாயுவின் வேகம் குறையும், கீழ் ஆர்பிஎம்மில் இழுவை தளரும், சத்தம் மட்டும் கூடும். ஜோஹன்னஸ்பர்க்கில் ஓட்டுவோர் இன்னும் யோசிக்க வேண்டும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் காற்றே மெலிந்தது. டர்போ இல்லாத எஞ்சின் வெளியேற்றும் வாயுவும் அங்கே குறைவு.

ரெசனேட்டரைக் கழற்றிவிடுவது

ரெசனேட்டர் என்பது முழக்கத்தை அடக்கும் சிறு பெட்டி. அதைக் கழற்றிவிட்டுக் கடை வாசலில் இரண்டு தடவை ரெவ் செய்தால் சத்தம் அருமையாகத்தான் இருக்கும். டர்பனிலிருந்து என்3 சாலையில் ஜோஹன்னஸ்பர்க் வரை சுமார் 570 கிலோமீட்டர் போய்ப் பாருங்கள். 3,000 ஆர்பிஎம்மில் நான்கு சிலிண்டர் எஞ்சின் நொடிக்கு 100 முறை வெடிக்கிறது. அந்த 100 ஹெர்ட்ஸ் முழக்கம் கேபினுக்குள் புகுந்தால் காது அடைக்கும், பின்சீட்டில் குழந்தை தூங்காது. ஏற்கெனவே கழற்றிவிட்டவர்கள் பக்கவாட்டில் முனை மூடிய ஜே குழாய் ஒன்றைச் சேர்க்கலாம். 100 ஹெர்ட்ஸுக்கு அதன் நீளம் ஏறத்தாழ 1.1 முதல் 1.3 மீட்டர் வரை. உள்ளே இருக்கும் வாயு எவ்வளவு சூடு என்பதைப் பொறுத்து மாறும். அதற்கு இடம் கிடைப்பதே பெரும்பாடு. முதலிலேயே ரெசனேட்டர் உள்ள செட்டை வாங்குவது மலிவு.

"ஸ்டெயின்லெஸ்" என்ற சொல்லை நம்புவது

எந்த ஸ்டெயின்லெஸ் என்று கேளுங்கள். 409 வகையில் குரோமியம் 11 சதவீதம் அளவில்தான். 304-இல் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். கடலுக்குத் தொலைவான உள்பகுதிகளில் 409 நன்றாகவே உழைக்கும். டர்பனிலும் உம்லங்காவிலும் உப்புக்காற்று பட்டால் சீக்கிரமே செம்பழுப்பு படியும். காந்தம் 409-இல் பலமாக ஒட்டும். 304-இன் நேர்ப்பகுதியில் ஒட்டாது, வளைவுகளில் மட்டும் லேசாக இழுக்கும். குழாயோடு நிறுத்தாமல் ஹேங்கர் கம்பிகளிலும் காந்தத்தை வைத்துப் பாருங்கள். குழாயை 304-இல் செய்துவிட்டுக் கம்பியைச் சாதா இரும்பில் வைப்பவர்கள் உண்டு. முதலில் அறுந்து விழுவது அந்தக் கம்பிதான்.

குறுந்தூரம் மட்டும் ஓடும் காருக்கு உள்ளிருந்தும் ஆபத்து இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாகப் போகும். டெயில் பாக்ஸ் (பின்பக்கச் சைலன்சர்) சூடேறும் முன் எஞ்சினை அணைத்துவிட்டால் அந்த நீர் அடியில் தேங்கும்.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுத்துவிடுவது

எஞ்சின் விளக்கு எரியும், கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி0420 பிழைக்குறி வரும். எடுக்காதீர்கள்.

பழைய கேஸ்கெட்டையே போடுவது

இணைப்பில் கசிவைத் தடுக்கும் தகடு அது. புதிது வாங்குங்கள்.

ஒவ்வொரு போல்ட்டாக முறுக்கிக்கொண்டே போவது

முதலில் முழுச் செட்டையும் தளர்வாகத் தொங்கவிடுங்கள். ரப்பர் ஹேங்கரில் ஏறாவிட்டால் சிலிக்கான் ஸ்ப்ரே அடியுங்கள். பெட்ரோலியக் கிரீஸ் ரப்பரைத் தின்னும். டிப் (குழாயின் பின்முனை) பம்பருக்கு நடுவில் வந்து, எல்லாப் பக்கமும் 15 மி.மீ. இடைவெளி கிடைத்த பிறகு, முன்னிருந்து பின்னாக முறுக்குங்கள். இரண்டு மீட்டர் 304 குழாய் 300 டிகிரி சூடேறினால் சுமார் 10 மி.மீ. நீளும். குளிர்ந்த நிலையில் பம்பரை முத்தமிட்டு நிற்கும் டிப், சூட்டில் அதை உருக்கிவிடும். சுமார் 100 கிலோமீட்டர் ஓட்டி, ஆறவிட்டு, கிளாம்ப்புகளை மறுபடியும் முறுக்குங்கள். எஞ்சின் ஓடும்போது இணைப்புகளில் சோப்பு நீர் தெளித்து, குமிழி வருகிறதா என்று பாருங்கள். குழாய் சூடாகும் முன் செய்ய வேண்டிய சோதனை இது. சூடேறினால் நீர் நின்று குமிழி காட்டாது.