காட்ஸில்லாவை வரலாறாகப் பார்ப்பது எப்படி?

காட்ஸில்லா, ஹைட்ரஜன் குண்டுச் சோதனையால் கிளர்ந்தெழும் ராட்சத மிருகம். முதலில் 1954-இல் வந்த ஜப்பானிய மூலப் படத்தையே பாருங்கள். நான் 1956-இன் அமெரிக்கப் பதிப்பில்தான் தொடங்கினேன். அதில் வெட்டப்பட்டதைப் பிறகு பார்த்தபோதுதான் என் ஆய்வுக்கே வழி பிறந்தது. மூலப் படத்தில் ரயிலில் ஒரு பெண், நாகசாகி குண்டிலிருந்து தப்பியதைச் சொல்வாள். அங்கே நிறுத்தி, திரும்பக் கேளுங்கள்.

அப்புறம் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். 1954 மார்ச் 1: பசிபிக்கின் பிகினித் தீவில் அமெரிக்காவின் ஹைட்ரஜன் குண்டுச் சோதனை, தாய்கோ ஃபுகுர்யூ மாரு என்ற ஜப்பானிய மீன்பிடிப் படகின் 23 மீனவர்கள்மேல் கதிரியக்கச் சாம்பல். அதே ஆண்டு நவம்பர் 3: படம் வெளியீடு. இடையில் எட்டே மாதம்! படம் தொடங்குவதும் கடலில் ஒரு கப்பல் அழிவதில்தான்.

ஜப்பானிய மொழி கற்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

டோக்கியோ போனால், அங்கே யுமெனோஷிமா என்ற பகுதியில் அந்த மீனவர்களின் மரப்படகு இருக்கிறது. அதன் முன் நான் வெகுநேரம் நின்றேன். நீங்களும் நில்லுங்கள்.