திருச்சியிலிருந்து விமான டிக்கெட்: நேரக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணத்தில் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். போன வாரம் வேலைக்குச் சேர்ந்த பையன் திருச்சி – சிங்கப்பூர் டிக்கெட்டைப் பார்த்துத் தாளில் கழித்துக்கொண்டிருந்தான். புறப்படுவது 1:00, சேர்வது 7:40. "அண்ணே, ஆறு மணி நாப்பது நிமிஷமா?" என்றான். நானும் அப்படிக் கழித்தவன்தான். பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர் போடுங்கள் என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள், அதை விடுகிறேன்.

எந்த ஊர் மணி என்று பார்க்காதது

டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் மணி, சேரும் நேரம் சேரும் ஊரின் மணி. சிங்கப்பூரும் மலேசியாவும் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். ஆக, பையன் கண்ட பயணம் உண்மையில் நாலு மணி பத்து நிமிடம்.

எனக்குக் காசு போனது இதில்தான். மன்னார்குடிக்காரர் ஒருவர், பினாங்கில் தங்கை மகள் கல்யாணம். திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து பினாங்குக்குத் தனி டிக்கெட். பினாங்கு டிக்கெட் விலை ஏறிக்கொண்டே போனதால் அதை முதலில் போட்டுவிடலாம் என்று அவசரப்பட்டேன். இரவு 12:30-க்குக் கிளம்பினால் நாலு மணி நேரம், 4:30. நோட்டில் அப்படித்தான் எழுதினேன். பினாங்குக்கு 7:30 விமானம், மூன்று மணி நேரம் கையில் இருக்கிறது, தாராளம்!

விடிகாலை போன் வந்தது. "தம்பி, இங்க மணி ஏழேகால். இன்னும் இமிகிரேஷன் வரிசையிலதான் நிக்கிறேன்." என் வீட்டுக் கடிகாரத்தில் நாலே முக்கால். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்பதால் முதல் விமானக்காரருக்கு அடுத்ததைப் பற்றிக் கவலை இல்லை. பெட்டியை எடுத்து, வெளியே வந்து, திரும்பச் செக்-இன் செய்ய வேண்டும். அவர் போய்ச் சேருமுன் கவுன்டர் மூடியாயிற்று. புது டிக்கெட் என் காசில். முகூர்த்தத்துக்குப் போய்விட்டார், ஆனால் அதற்குப் பிறகு என் கடைப்பக்கம் வரவே இல்லை. அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன், பார்த்தால் இன்றும் எரிச்சல்தான்.

இப்போது முதல் டிக்கெட் கைக்கு வந்து, அதில் அச்சான நேரத்தைப் பார்த்த பிறகுதான் இரண்டாவதைத் தொடுவேன்.

துபாய் கிட்டத்தில் இருக்கிறது என்று நினைப்பது

துபாய் டிக்கெட்டில் மூன்று மணி நேரத்துக்கும் குறைவாகத் தெரியும். அங்கே மணி நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், அவ்வளவுதான். திருச்சியிலிருந்து துபாயும் சிங்கப்பூரும் வான்வழியில் கிட்டத்தட்ட சமதூரம், இரண்டுமே 3,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. திரும்பி வரும்போது எல்லாம் தலைகீழ்: சிங்கப்பூரிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிட்டது போலத் தோன்றும்.

தூரத்தை வேகத்தால் வகுப்பது

அந்தத் தூரத்தை மணிக்கு 800 கிலோமீட்டர் வேகம் என்று வகுத்தால் மூன்றே முக்கால் மணி நேரத்துக்குள் வரும். டிக்கெட் நேரமோ விமானம் நிறுத்தத்தை விட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்பது வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் வரிசையில் நிற்பதும் அதில் அடக்கம்.

15-ஆம் தேதி 00:10

டிக்கெட்டில் இப்படி இருந்தால் அது 14-ஆம் தேதி நள்ளிரவு தாண்டிப் பத்து நிமிடம். 14-ஆம் தேதி ராத்திரிச் சாப்பாட்டைச் சீக்கிரமே முடித்துக்கொண்டு கிளம்புங்கள். நாகப்பட்டினம் என்றால் சாயங்காலமே.

கும்பகோணத்திலிருந்து சென்னைக்கு விமானம்

திருச்சிக்குக் கார், காத்திருப்பு, ஒரு மணி நேரப் பறப்பு, அப்புறம் மீனம்பாக்கத்திலிருந்து ஆட்டோ. அதற்கு ராத்திரி ரயில் உழவன் எக்ஸ்பிரஸில் படுத்துத் தூங்குங்கள்.