பால்கட்டும் காய்ச்சலும்: பேறுகால வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்பில் பால் கட்டி, குளிர் விறைத்துக் காய்ச்சலும் வந்துவிட்டால் நம் குமரி மாவட்டப் பக்கத்து வீடுகளில் உடனே நடப்பது இரண்டு காரியம். அடுப்பில் வெந்நீர் ஏறும். பேறுகாலம் பார்க்க வந்த ஆச்சியோ பெரியம்மையோ தேங்காயெண்ணெயைக் கையில் எடுப்பார். "கட்டிய உடச்சு எடுத்தாத்தான் இறங்கும் மக்களே, கொஞ்சம் பொறுத்துக்கோ." அக்கறையில் சொல்வதுதான். ஆனால் சாதாரண வீக்கத்தைச் சீழ்வரை கொண்டுபோய் விடுவதில் இந்தச் சூட்டுக்கும் உழிச்சலுக்கும் பெரிய பங்கு உண்டு.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் ஏன் கூடாது என்பதும் புரியும். பால் நாளங்கள் மெல்லியவை, கிளைகிளையாகப் பிரிந்து ஓடுபவை. அவற்றைச் சுற்றியுள்ள சதையில் நீர் கோத்து வீங்கும்போது நாளங்கள் வெளியிலிருந்து நெரிபடுகின்றன. பால் இறங்காததற்கு அதுதான் காரணம். பிதுக்கி வெளியே எடுக்க உள்ளே தனியாக ஓர் அடைப்பு கிடையாது. அழுத்தி உழியும்போது நுண்ணிய ரத்தக் குழாய்கள் நசுங்கி வீக்கம் கூடும். சூடு வைத்தால் அங்கே ரத்த ஓட்டம் அதிகரித்து இன்னும் நீர் கோக்கும். கால் சுளுக்கி வீங்கினால் அன்றைக்கே யாரும் அதைப் பிசைந்து எடுப்பதில்லை. இதையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். சூடு வைத்து நன்றாகத் தடவச் சொன்னவை பழைய மருத்துவக் கையேடுகளும்தான். பாலூட்டல் மருத்துவத்துக்கான சர்வதேச மருத்துவர் அமைப்பான அகாடமி ஆஃப் பிரெஸ்ட்ஃபீடிங் மெடிசின் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில்தான் இது தெளிவாக மாறியது. அதனால் மூத்தவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மின்சாரப் பல்துலக்கியை வைத்து அதிர வைக்கும் இன்றைய வீடியோ வைத்தியமும் இதே ரகம்தான். அதையும் விட்டுவிடுங்கள்.

செய்ய வேண்டியது குளிர் ஒத்தடம். ஃபிரிட்ஜ் ஐஸ் கட்டிகளைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஈரிழைத் துவர்த்தில் சுற்றி, வலிக்கிற இடத்தில் 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். தேவைப்பட்டால் மணிக்கு ஒரு தடவைகூட வைக்கலாம். ஐஸ் நேராகத் தோலில் படக் கூடாது. "தாய்க்குக் குளிர் பட்டா பிள்ளைக்குச் சளி பிடிச்சிரும்" என்று வீட்டில் தடுப்பார்கள். தாயின் தோல் குளிர்வதால் பாலும் குளிராது, பிள்ளைக்குச் சளியும் வராது. சளி கிருமியால் வருவது. பேறுகால வேதுக் குளியை முழுக்க நிறுத்த வேண்டியதில்லை. வெந்நீரை மார்பில் ஓங்கி ஊற்றாமல் இருந்தால் போதும். வெற்றிலையை எண்ணெயில் வாட்டி ஒட்டுவது, மஞ்சள் பத்து போடுவது இரண்டும் வேண்டாம். வீங்கிய தோல் எளிதில் பொள்ளிவிடும், பூசிய மஞ்சள் பிள்ளையின் வாய்க்கும் போகும்.

கை வைத்தே ஆக வேண்டுமென்றால் முலைக்காம்பை நோக்கி வேண்டாம். அக்குள் பக்கமாகவும் காறை எலும்பு பக்கமாகவும், தோல் மட்டும் நகரும் அளவுக்கு லேசாகத் தடவுங்கள். கோத்த நீர் வடிய அது உதவும். வலித்தால் அழுத்தம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

பால் கொடுப்பதில் தவறு இரண்டு பக்கமும் நடக்கிறது. "கெட்ட பால், சீப்பால், பிள்ளைக்கு ஆகாது" என்று அந்தப் பக்கத்தை அடியோடு நிறுத்துவது ஒன்று. இந்தப் பாலால் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை. சோடியம் கூடுவதால் கொஞ்சம் உப்புக் கரிக்கும், அதனால் பிள்ளை முகம் திருப்பலாம், அவ்வளவுதான். திடீரென நிறுத்தினால் பால் தேங்கி வீக்கம் கூடும். இன்னொன்று இதற்கு நேர் எதிர்: ஒரு சொட்டு மிச்சமில்லாமல் வற்றும்வரை பம்ப்பு போடுவது, அந்தப் பக்கத்தை மட்டுமே திரும்பத் திரும்பக் கொடுப்பது. எடுக்க எடுக்க உடம்பு இன்னும் அதிகம் சுரக்கும். வீங்கிய இடத்துக்கே மேலும் பால் வந்து சேரும். பிள்ளை கேட்கும்போது வழக்கம்போல இரண்டு பக்கமும் கொடுங்கள். குடிக்க முடியாத அளவு இறுகியிருந்தால், காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தின் ஓரத்தில் விரல் நுனிகளை வைத்து நெஞ்சை நோக்கி ஒரு நிமிடம் மெதுவாக அழுத்திப் பிடியுங்கள். அந்த இடம் இளகும், பிள்ளையின் வாய்க்குப் பிடி கிடைக்கும். அப்படியும் குடிக்கவில்லையென்றால் பிள்ளை ஒரு வேளைக்குக் குடிக்கும் அளவு மட்டும் கையால் பீய்ச்சினால் போதும். ஓரிரு வாரம் அந்தப் பக்கம் பால் குறைவாகத் தெரியும். பிறகு பழையபடி ஊறும்.

சுறாப்புட்டும் பூண்டும் சாப்பாடாக இருக்கட்டும், தவறில்லை. ஆனால் பால் கூட்டும் பொடி, லேகியம், வெந்தய மாத்திரை எல்லாவற்றையும் வீக்கம் வற்றும்வரை நிறுத்தி வையுங்கள். இப்போது பிரச்சினை பால் போதாததல்ல.

இதற்கு மறுபக்கம், பால் வற்ற மார்பில் பூ வைத்துக் கட்டுவது. தோவாளைச் சந்தை பக்கத்திலேயே இருக்க, நமக்குப் பூவுக்கா பஞ்சம்? ஆனால் இது விளையாட்டு வைத்தியம் இல்லை. மல்லிகைப் பூவை மார்பில் வைத்தால் பால் வற்றுகிறது என்பது 1988-இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்றிலேயே பதிவாகியிருக்கிறது. அதில் பால் நிறுத்தும் மாத்திரையோடு பூவை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தொடர்ந்து பாலூட்ட நினைப்பவர் சும்மா ஆறுதலுக்கென்று நாள் முழுக்கப் பூச்சரம் கட்டிக்கொள்ள வேண்டாம். இறுக்கமான பாடியும் துணிக்கட்டும் அதேபோல் வேண்டாம். தாங்கிப் பிடிக்கும் அளவு உள்ளாடை போதும்.

காம்பில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் ஊசியால் குத்தாதீர்கள். கிருமிக்கு நாமே வழி திறந்து விட்டதாகிவிடும்.

மாத்திரை விஷயத்தில் பயமும் அவசரமும் சேர்ந்தே இருக்கின்றன. வலிக்கு மாத்திரை போட்டால் பாலில் கலக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பவர்கள் நிறைய. பாராசிட்டமால் 650 மி.கி. ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, நாளைக்கு நான்குக்கு மேல் வேண்டாம். ஐபுப்ரோஃபென் 400 மி.கி. எட்டு மணி நேரத்துக்கு ஒன்று, சாப்பிட்ட பிறகு. இரண்டும் பாலூட்டும் தாய்க்கு ஏற்றவை, பாலில் போவது மிகச் சொற்பம். வலி மட்டுமின்றி வீக்கத்தையும் குறைப்பது ஐபுப்ரோஃபென்தான். ஆனால் வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. மழைக்காலத்தில் இன்னொரு எச்சரிக்கை: காய்ச்சல் இருக்கிறது, மார்பில் பெரிதாக ஒன்றும் இல்லை என்றால் அது டெங்குவாகவும் இருக்கலாம். ரத்தப் பரிசோதனை முடியும்வரை பாராசிட்டமால் மட்டும்தான். தெர்மாமீட்டரை மாத்திரைக்கு முன்பு வைத்து, நேரத்தோடு எழுதி வையுங்கள். மாத்திரை வேகத்தில் இறங்கிய சூட்டைப் பார்த்து, குணமாகிவிட்டது என்று நம்பி ஏமாறுவது சகஜம்.

மெடிக்கல் ஸ்டோரில் கேட்டு மூன்று நாள் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடுவது அடுத்த தவறு. தொடக்க வீக்கம் பெரும்பாலும் கிருமியால் வருவதில்லை. குளிர் ஒத்தடத்திலும் வலி மாத்திரையிலும் ஓரிரு நாளில் வடியத் தொடங்கும். காய்ச்சலும் வலியும் 24 மணி நேரத்தில் குறையாவிட்டாலோ, நிலைமை வேகமாக மோசமானாலோ, காம்பு வெடிப்பில் சீழ் தெரிந்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். இங்கே பொதுவாகக் காணும் கிருமி ஸ்டெஃபைலோகாக்கஸ். அதற்கேற்ற மருந்தை, வழக்கமாக 10 முதல் 14 நாளுக்கு, அவர் எழுதுவார். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் மிச்சத்தை அலமாரியில் வைத்தால் திரும்பி வரும். மருந்து தொடங்கி 48 மணி நேரத்தில் மாற்றமில்லை என்றால் மறுபடியும் போய்க் காட்ட வேண்டும். மூச்சு வாங்குவது, மயக்கம், பேச்சில் தடுமாற்றம் வந்தால் காத்திருக்காமல் 108.

"சிவந்திருக்கிறதா பாருங்கள்" என்று எல்லாரும் சொல்வார்கள். நம் நிறத் தோலில் சிவப்பு பல நேரம் தெரியாது. அந்த இடம் சுற்றுப்புறத்தைவிடக் கறுத்து, மினுமினுத்து, புறங்கையை வைத்தால் சூடாக இருக்கும். காலையில் பேனாவால் ஓரத்தைக் கோடிட்டு வைத்தால், சாயங்காலம் பரவியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

ஒரே இடத்தில் நிற்கும் கட்டி, தொட்டால் உள்ளே நீர் தளும்புவதுபோல் இருந்தால் அது சீழ்க்கட்டி. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் உறுதி செய்வார்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளில் இதைப் பார்ப்பது பெரும்பாலும் அறுவை சிகிச்சைப் பிரிவு. ஓ.பி. சீட்டு போடும்போதே பாலூட்டும் தாய் என்று சொல்லிவிடுங்கள். பல சமயம் ஊசியால் உறிஞ்சி எடுத்தாலே போதும், இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டி வரலாம். அதன் பிறகும் பாலூட்டலாம். அறுத்த இடம் பிள்ளையின் வாய் படும் இடத்திலிருந்து தள்ளி இருந்தால் அந்தப் பக்கமும் கொடுக்கலாம்.

முந்திரி ஆலை வேலைக்குத் திரும்புகிறவர்களுக்குத் திரும்பத் திரும்பக் கட்டுவதற்குக் காரணம், காலையில் கொடுத்தால் சாயங்காலம்வரை இடைவெளி விழுவதுதான். வேலைக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பே இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுங்கள். மதிய இடைவேளையில் இறுக்கம் தளரும் அளவு மட்டும் கையைக் கழுவிப் பீய்ச்சிவிடுங்கள். எந்த இடைவெளியும் விழாமலே ஒரே இடத்தில் மறுபடி மறுபடி வந்தாலோ, மருந்து முடிந்த பின்பும் கட்டி கரையாமல் தோல் ஆரஞ்சுத் தோல்போல் குழிகுழியாக இருந்தாலோ, பால்கட்டு என்று விட்டுவிடாமல் ஸ்கேன் எடுக்க வேண்டும். அபூர்வமாக மார்பகப் புற்றுநோயும் இந்த வேடத்தில் வரும்.