சிற்றூர் நாட்டார் இசைக்குழு வெளியுலகை எட்டும் வழி

சிற்றூரில் தொடங்கும் சுயாதீன நாட்டார் இசைக்குழு, முதலில் அரை மணி நேர மேடைக்குப் போதுமான சொந்தப் பாடல்களை உருவாக்கிக்கொள்ள வேண்டும். அடுத்தது ஒலிப்பதிவு. அக்கூஸ்டிக் கிட்டாரின் ஒலித்துளைக்கு நேரெதிரே மைக்கை வைத்தால் தாழ்ந்த சுரங்கள் குமுறலாகத் திரளும் என்பதால், 12ஆம் ஃபிரெட்டை (கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டையை) நோக்கி ஏறத்தாழ 30 செ.மீ. தொலைவில் அதை நிறுத்தி, 24 பிட் தரத்தில், பதிவுக் கருவியின் அளவுமானியில் ஒலியின் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதவாறு பதிவுசெய்யுங்கள். சுற்றிலும் கனத்த போர்வைகளைத் தொங்கவிட்டால் அறையின் எதிரொலி வெகுவாக அடங்கும். மரபுப் பாடல் பொதுச்சொத்தாக இருந்தாலும், அதற்குப் பிறர் அண்மையில் அமைத்த இசைக்கோர்வைக்கு உரிமை இருக்கக்கூடும். ஆகவே உங்கள் கோர்வையை நீங்களே அமையுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும், அதைத் தனித்து அடையாளம் காட்டும் பன்னாட்டுக் குறியீடான ஐ.எஸ்.ஆர்.சி. எண் பெறுங்கள். வருவாய்ப் பங்கீட்டை, பணம் வருவதற்கு முன்பே, நட்பு நலமாக இருக்கும்போதே எழுதிக் கையொப்பமிடுங்கள் என்பதை மிகுந்த அக்கறையோடு வற்புறுத்துகிறேன்.